மீட்டர் இல்லாத மோட்டாரும் வீட்டைவிட்டுப் போன நெல்லும்: ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லைச் சீமைக்கு ஆய்வு செய்ய வரும் சமூக அறிவியல் ஆய்வாளர்களுக்கும், அவர்களை வழிநடத்தும் பேராசிரியர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கும் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

நான் சேரன்மகாதேவி வட்டாரத்தில், தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயின் கடைமடையில், அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், பயிர் செய்கிறவன். மொத்தம் மூன்று ஏக்கர். பாதி சொந்தம், பாதி கோயில் நிலத்துக் குத்தகை. என் மனைவி ராதாபுரம் பக்கத்துக்காரர். அங்கே காற்றாலைகளுக்கு நடுவில் அவர் வீட்டு வழியில் வந்த இரண்டு ஏக்கர் மானாவாரி இருக்கிறது. ஆற்றுத் தண்ணீரை நம்பிய ஊர் ஒன்று, காற்றை நம்பிய ஊர் ஒன்று என்று இரண்டிலும் வாழ்ந்திருக்கிறேன். தண்ணீர், மின்சாரம், சோறு ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவை ஆராய நீங்கள் வருகிறீர்கள் என்று கேள்விப்படும்போதெல்லாம் மகிழ்கிறேன். வந்துவிட்டுப் போன பிறகு மனம் கனத்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

2017 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்கிறேன். முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, ஜனவரியிலேயே தமிழகம் முழுவதையும் வறட்சி மாநிலமாக அரசு அறிவித்திருந்தது. கால்வாயில் வந்த கொஞ்சத் தண்ணீரும் தலைமடையோடு நின்றது. கிணற்றை நம்பி நான் ஒன்றரை ஏக்கர் மட்டும் பிசானம், அதாவது இரண்டாம் போக நெல், நட்டிருந்தேன். கதிர் பால்பிடிக்கும் நேரம். அந்த வாரத்தில் தண்ணீர் காட்டாவிட்டால் எல்லாம் பதராகிவிடும். மும்முனை மின்சாரம் எங்களுக்கு இரவு முறை. ஒன்றரை மணிக்கு மோட்டார் ஓடத் தொடங்கியது. நாற்பது நிமிடத்தில் கிணறு காலி. ஊற்று சுரந்து மறுபடி ஓட்ட மூன்று மணி நேரமாகும். அதற்குள் கரண்ட் போய்விடும். பக்கத்து வயல்காரரின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மணிக்கணக்குக்குக் காசு பேசித் தண்ணீர் வாங்கினேன். டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு நான் வரப்பில் மண்வெட்டி போட, வாமடையைத் திருப்பிவிட என் மனைவி நின்றார். விடியும்போது முக்கால் ஏக்கர் நனைந்திருந்தது.

அன்று காலை பதினோரு மணிக்கு ஓர் ஆய்வு மாணவர் வீட்டுக்கு வந்தார். கையில் பல பக்கப் படிவம். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினார். "மோட்டாருக்கு மாதம் எத்தனை யூனிட் ஆகிறது?" என்று கேட்டார். இலவச இணைப்பு, மீட்டர் கிடையாது என்றேன். கட்டத்தில் பூஜ்யம் போட்டார். "பாசனம் எது?" என்றார். நான் வாய் திறப்பதற்குள், ஆவணத்தில் ஆயக்கட்டு நிலம், அதாவது கால்வாய்ப் பாசனத்துக்கு உட்பட்ட நிலம், என்று இருந்ததால் கால்வாய் என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டார். "ரேஷன் அரிசி வாங்குகிறீர்களா?" ஆம் என்றேன். அதையும் குறித்துக்கொண்டார். இருபத்தைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. மாலைக்குள் நாற்பது வீடு முடிக்க வேண்டும் என்று சொல்லி, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவர் எழுதிக்கொண்டு போன மூன்று பதில்களும் எங்கள் ஒரே இரவின் மூன்று துண்டுகள். மின்சாரம் பூஜ்யம் என்று பதிவானது. அதற்காக இரண்டு பேர் கண்விழித்தோம். கால்வாய்ப் பாசனம் என்று பதிவானது. கால்வாயில் தண்ணீரே இல்லை. நெல் விளைவிக்கிறவன் ரேஷன் அரிசி வாங்குகிறான் என்று பதிவானது. ஏன் என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

2011 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் ஒரு மாநாடு கூடி, நீரையும் ஆற்றலையும் உணவையும் தனித்தனியாகப் பார்த்தால் மூன்றையுமே இழப்போம் என்று பேசியது. அதற்குப் பிறகு உலகமெங்கும் இந்தப் பிணைப்பைப் பற்றி ஆய்வுகள் பெருகின. மெத்தச் சரி. ஆனால் எங்கள் ஊரில் நீர்வளத்துறை அணையின் அடியை எண்ணுகிறது, மின்வாரியம் மெகாவாட்டை எண்ணுகிறது, வேளாண் துறை ஏக்கரை எண்ணுகிறது. மூன்று கணக்கையும் ஒரே மேசையில் வைத்தாலும் முடிச்சு தெரியாது. முடிச்சு விழுகிற இடம் மோட்டார் ரூம், மடை, அடுப்படி. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்பதைப் பொறியாளர் கணக்கிட்டுவிடுவார். அந்த யூனிட்டுக்காக யார் தூக்கம் கெடுகிறது, யார் காசு போகிறது, யார் பேச்சு எடுபடுகிறது என்பதைச் சமூக அறிவியல்தான் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை நீங்களும் விட்டுவிட்டால் எங்களுக்கு வேறு நாதியில்லை.

எங்கள் சீமையில் இந்தப் பிணைப்பு எவ்வளவு நெருக்கமானது என்று பாருங்கள். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து ஒரு காற்று வருகிறது. அந்தக் காற்று பொதிகைமேல் ஏறி மழையாகிப் பாபநாசம் அணையை நிரப்புகிறது. அதே காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் பாய்ந்து, கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுகிறது. பாபநாசத்தில் 1944 முதல் நீர்மின்சாரம் எடுக்கிறார்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு இறங்கும் தண்ணீர்தான் எட்டு அணைக்கட்டுகளையும் பதினோரு கால்வாய்களையும் தேடிப் போகிறது. முதல் போகமான காரின் நாற்றங்கால் அதில்தான் முளைக்கிறது. ஒரே காற்று எங்கள் விளக்கையும் ஏற்றுகிறது, உலையையும் ஏற்றுகிறது. அது ஒரு வருடம் சுணங்கினால் இரண்டும் சேர்ந்தே சுணங்கும்.

தண்ணீர் ஆற்றில் நிறைந்து ஓடும் மாதங்களில்தான் காற்றாலைகளும் முழுவீச்சில் சுற்றுகின்றன. அப்போது எங்கள் மோட்டாருக்கு அதிக வேலையில்லை. தை, மாசியில் பிசானம் கதிர் தள்ளும்போது கடைமடைக்காரன் கிணற்றிலிருந்து இறைக்க வேண்டியிருக்கிறது. அந்த மாதங்களில் காற்று படுத்துவிடும். தமிழ்நாட்டின் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது என்று பெருமையோடு படிக்கிறேன், உண்மையான பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்கும் என் மாசி மாதத்து மோட்டாருக்கும் நடுவில் ஒரு பள்ளம் கிடக்கிறது. அதை விவசாயி கண்விழித்துத் தாண்டுகிறார். ஆய்வாளர்கள் பெரும்பாலும் குளிர்ந்த டிசம்பரிலோ, கல்லூரி விடுமுறைவிட்ட மே மாதத்திலோ வருகிறார்கள். மே மாதத்தில் எங்கள் வயல் தரிசாகக் கிடக்கும், நாங்கள் கல்யாண வீடுகளில் இருப்போம்.

ஆற்றின் அடுத்த முனையைப் பாருங்கள். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு எட்டாவது, கடைசி. அங்கேயிருந்துதான் 20 எம்.ஜி.டி. (நாளொன்றுக்கு 20 மில்லியன் கேலன்) திட்டம் என்று எல்லோரும் சொல்லும் குழாய் வழியே தூத்துக்குடியின் தொழிற்சாலைகளுக்கும் அனல்மின் நிலையத்துக்கும் தண்ணீர் போகிறது. அந்த அனல்மின் நிலையம் 1,050 மெகாவாட். அதில் பிறக்கும் மின்சாரம் கம்பி வழியாக எங்கோ ஒரு மோட்டாரை ஓட்டி, வற்றிய கிணற்றின் அடியிலிருந்து தண்ணீரை மேலே தூக்குகிறது. ஆற்றில் ஓடவேண்டிய தண்ணீரைக் கொடுத்து, பூமிக்கடியில் இருக்கும் தண்ணீரை எடுக்கும் சக்தியை வாங்குகிறோம். கொடுப்பது ஸ்ரீவைகுண்டத்துக் கீழே வாழை போட்டவர், வாங்குவது வேறொருவர். இந்த வரவு செலவை இன்னார் கணக்கில் இத்தனை என்று ஊர் மக்களுக்குப் புரியும் தமிழில் எழுதி நான் பார்த்ததில்லை.

ராதாபுரம் பக்கத்தில் என் மாமனார் ஊருக்கு வருகிறேன். காற்றாலை வந்ததைத் திட்டமாட்டேன். புகை இல்லை, சாம்பல் இல்லை. கல்லும் உடைமரமுமாகக் கிடந்த நிலத்துக்கு விலை கிடைத்து, அந்தக் காசில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் பலர். இருந்தாலும் மாறியது என்னவென்று மேய்ப்பர்களிடம் கேட்டால் வேறு கதை வருகிறது. முன்பு அறுப்பு முடிந்த வயலில் கிடை போடுவார்கள். நூறு, இருநூறு ஆடுகள் இரவெல்லாம் படுத்து எழுந்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் ஊறும். அடுத்த பயிருக்கு உரம் அதுதான். கிடைக்காரருக்கு நெல்லோ பணமோ கொடுப்போம். ஊர்ப் பொது மேய்ச்சலும் தரிசு நிலங்களும் ஒவ்வொன்றாகக் கைமாறி, சுற்றிலும் கம்பி வேலி விழுந்த பிறகு ஆடுகள் நடக்கும் பாதை அறுந்துவிட்டது. அந்த ஊரில் கடைசியாகக் கிடை வைத்திருந்த பெரியவர் மந்தையை விற்றுவிட்டு இப்போது ஒரு தோட்டத்தில் காவல் வேலை பார்க்கிறார். அவர் கிடை நின்றதும் நாங்கள் இரண்டு மூட்டை யூரியா கூடுதலாக வாங்கினோம். யூரியாவும் எரிவாயுவிலிருந்து பிறப்பதுதானே! காற்றிலிருந்து எடுத்த ஆற்றலில் எவ்வளவு பங்கை எங்கள் மண் இப்படிச் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறது? இது பேராசையான கேள்வி என்று நீங்கள் நினைத்தால், நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு விடை வேண்டும்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன, மேலும் நான்கு எழும்பிக்கொண்டிருக்கின்றன. இடிந்தகரைக்கும் கூத்தங்குழிக்கும் போகும் ஆய்வாளர்கள் போராட்டத்தைப் பற்றியே கேட்கிறார்கள். தலைச்சுமையாக மீன் விற்கப் போகும் பெண்களின் கூடையில் இன்று என்ன மீன் இருக்கிறது, பத்து ஆண்டுகளுக்கு முன் என்ன இருந்தது, படகுக்கு டீசல் எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள். அதுவும் ஆற்றலும் உணவும்தான்.

இனி அடுப்படி. நான் இந்தக் கடிதம் எழுத முக்கியக் காரணமே இதுதான். என் அம்மா காலத்தில் எங்கள் வீட்டு நெல்லை வீட்டிலேயே அவித்தார்கள். முதல் நாள் தொட்டியில் ஊறவைத்து, விடியும் முன்னே பெரிய கொப்பரையில் அவித்து, களத்தில் கொட்டி, காலால் அளைந்து அளைந்து காயவைப்பார்கள். எரிக்க முந்தைய அறுவடையின் உமி, தென்னம்பாளை, பனைமட்டை, கால்வாய்க் கரையில் பொறுக்கிய சுள்ளி. நெல்லே தன் உமியால் தன்னை அவித்துக்கொண்டது. சாம்பல் பாத்திரம் துலக்கவும் மாட்டுத் தொழுவத்துக்கும் போனது. அந்த அரிசியின் கஞ்சிக்குச் சிவப்பு ஓடும், ஒரு மணம் இருக்கும்.

இப்போது நான் விளைவிப்பது அம்பை-16. எங்கள் பக்கத்து அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகம். குட்டையான தடித்த அரிசி. கேரளத்து வியாபாரிகள் தேடி வந்து வாங்குவார்கள். அறுப்பு மிஷின் வயலிலேயே நெல்லைப் பிரித்துக் கொட்டுகிறது. அவிக்க விறகு இல்லை. காயவைத்த களத்தில் வீடு கட்டியாகிவிட்டது. அளைந்து காயவைக்க ஆள் இல்லை, ஏனென்றால் பெண்கள் பீடி சுற்றவோ நூறு நாள் வேலைக்கோ போகிறார்கள், நாலு காசு கையில் பார்க்கிறார்கள், அது அவர்கள் உரிமை. கேஸ் சிலிண்டரில் ஒரு மூட்டை நெல்லை யாராவது அவிப்பார்களா? ஈரநெல்லோடு கொள்முதல் நிலையத்துக்குப் போனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குமேல் என்று திருப்புகிறார்கள். அதனால் களத்திலேயே வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு, ரேஷன் கடை வரிசையில் நிற்கிறோம். நெல் எங்கள் வீட்டைவிட்டுப் போனதற்கு விலையும் சந்தையும்தான் காரணம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. நான் சொல்கிறேன், பாதிக் காரணம் விறகு. ஆற்றல் இல்லாமல் சோறு வீட்டைவிட்டுப் போயிற்று. அந்த மாணவரின் படிவத்தில் இதற்குத்தான் கட்டம் இல்லை.

மலையடிவாரத்திலும் இதே கதை வேறு உருவில் நடந்தது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988-இல் வந்தது. அதற்கு முன் அடிவாரத்து ஊர்ப் பெண்கள் காட்டுக்குள் போய்த் தலைச்சுமையாக விறகு கொண்டுவருவார்கள். 1990-களில் உலக வங்கி உதவியோடு வனத்துறை கிராம வனக் குழுக்கள் அமைத்து, மாற்று அடுப்பு, மாற்றுத் தொழிலுக்குக் கடன் என்று கொடுத்தது. காடு பிழைத்தது, அந்த அளவில் அது பெரிய வெற்றி, நான் மனமாரச் சொல்கிறேன். காடு எப்படித் தேறியது என்பதைப் பலர் அளந்தார்கள். விறகு நின்ற வீடுகளில் சமையல் எப்படி மாறியது? கொள்ளும் மொச்சையும் வேக நேரம் பிடிக்கும். எரிபொருளைக் காசு கொடுத்து வாங்கத் தொடங்கிய வீட்டில் அவை வாரத்துக்கு எத்தனை நாள் உலையேறுகின்றன? களக்காட்டில் ஒரு பாட்டி என்னிடம் சொன்னது: "கேஸ் வந்த பிறகு கானம் அவிப்பதையே விட்டுவிட்டேன்." எங்கள் பக்கம் கொள்ளைக் கானம் என்போம். புலிக்கும் கானத்துக்கும் இடையில் உள்ள இந்த உறவை ஆராய உங்களைத் தவிர யார் வருவார்கள்?

பிறகு 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி பொங்கி வந்ததை உலகமே பார்த்தது. நட்டு முடித்த பிசானத்தின்மேல் எங்கள் பக்கம் மணல் படிந்தது. கரண்ட் இல்லை, செல்போன் கோபுரம் செத்துவிட்டது, சிலிண்டர் வண்டி வரவில்லை. எங்கள் தெருவில் அடிபம்பு இருந்தது ஒரு வீட்டில். விறகடுப்பு இருந்தது இரண்டு வீட்டில். அந்த மூன்று வீடுகள்தான் தெருவுக்கே சோறு போட்டன. மூன்றுமே வசதி குறைந்த வீடுகள். வெள்ள நிவாரணக் கணக்கெடுப்பில் பட்டா யார் பெயரில் என்று கேட்டார்கள். குத்தகைக்காரன் பெயர் எதிலும் ஏறவில்லை. மின் இணைப்பும் அப்படித்தான். நிலம் யாருடையதோ அவர் பெயரில் இருக்கும். ஆகவே உங்கள் ஆய்வுக்குப் பெயர்ப் பட்டியலை அலுவலகத்திலிருந்து வாங்கினால் உழுகிறவன் அதில் இருக்கமாட்டான். இதை அழுத்திச் சொல்கிறேன்.

புதிதாக எதையும் நான் கேட்கவில்லை. 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, நிலம் எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதவைத்தார். அந்தக் கிராமங்களில் ஒன்று நம் கங்கைகொண்டான். 1930-களில் தாமஸ், ராமகிருஷ்ணன் என்ற ஆய்வாளர்கள் மறுபடி அங்கே ஆய்வு நடத்தினார்கள். அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப அந்த ஊருக்கு வந்திருக்கிறார்கள். இன்று அதே கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் சூரியத் தகடு செய்யும் ஆலை நிற்கிறது. நூறு வருடக் கணக்கு கையில் இருக்கும் ஊர் இந்தியாவில் எத்தனை? அந்தக் கணக்கில் ஆற்றலுக்கும் ஒரு பக்கம் சேர்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நம் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் விவசாயி வீட்டுப் பிள்ளைகள். தங்கள் தெருவை, தங்கள் அம்மாவின் அடுப்பை, தங்கள் அப்பாவின் மோட்டார் ரூமை ஒரு வருடம் முழுக்கக் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். அதற்கு மதிப்பெண் கொடுங்கள், பட்டம் கொடுங்கள்.

மக்களை வைத்தே கணக்கெடுக்க முடியும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. 2011 முதல் ஒவ்வோர் ஆண்டும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். மாணவர்கள், ஆசிரியர்கள், ஊர்க்காரர்கள் விடியற்காலையில் கரையில் நின்று எண்ணுகிறார்கள். அவர்களால் கூழைக்கடாவையும் நீர்க்காகத்தையும் எண்ண முடிந்தால், கிணறு எத்தனை நிமிடத்தில் வற்றியது, மும்முனை எத்தனை மணிக்கு வந்தது, உலையில் என்ன வெந்தது என்றும் எழுத முடியும்.

எழுதியதை எங்களிடம் திருப்பிக் கொண்டுவாருங்கள். அந்த மாணவரின் ஆய்வேடு முடிந்திருக்கும். எங்கோ ஒரு அலமாரியில் ஆங்கிலத்தில் இருக்கும். அதில் நான் பூஜ்யம் யூனிட்டாக இருப்பேன். அதைக் கிராம சபையில் தமிழில் வாசித்திருந்தால் அந்தத் தவற்றை ஒரு நிமிடத்தில் திருத்தியிருப்போம்.

கன்னடியன் கால்வாய் எப்படி வெட்டப்பட்டது என்று எங்கள் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் அகத்தியர், ஒரு பசுவின் பின்னால் போ, அது நடக்கும் வழியெல்லாம் கால்வாய் வெட்டு, அது கோமியம் விட்ட இடத்தில் மடை வை, படுத்த இடத்தில் குளம் தோண்டு என்றாராம். அவரும் அப்படியே பசுவின் பின்னால் நடந்தாராம். எனக்கு அந்த மனிதர் பொறுமையாக நடந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. பசுவை எங்கும் விரட்டவில்லை. மாலைக்குள் நாற்பது வீடு முடிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பாபநாசம் அணையில் நீர் இருந்தால் ஜூன் முதல் வாரத்தில் காருக்குத் திறப்பார்கள். அந்த வாரம் வாருங்கள். எங்கள் வீட்டில் தங்க இடம் இருக்கிறது, மாடியில் காற்று வரும். தலைமடையிலிருந்து தண்ணீரோடு நடந்து வருவோம். எங்கள் வயலுக்கு அது வந்து சேர எத்தனை நாள் ஆகிறது என்று முதலில் அதை எழுதுங்கள். அப்படியே பிசானம் அறுப்புவரை இருந்துவிட்டுப் போகலாம். வரும்போது என் மனைவியிடமும் கேட்கக் கேள்விகள் கொண்டுவாருங்கள். அன்று அந்த மாணவர் அவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை.

இப்படிக்கு,
கன்னடியன் கால்வாய்க் கடைமடை விவசாயி ஒருவன்,
சேரன்மகாதேவி வட்டாரம்